கிழங்கும் பஞ்சமும்: சைதாப்பேட்டையிலிருந்து தரமணி வரை

நோன்புப் பெருநாள் காலையில் நம் இல்லங்களில் காய்ச்சப்படும் பாயசத்தில் சேமியாவோடு ஜவ்வரிசியும் சேர்வது வழக்கம். வெண்முத்துகள்போல் மிதக்கும் அம்மணிகளை நாம் அரிசி என்றே அழைத்தாலும், அவை எந்தக் கதிரிலும் விளைந்தவை அல்ல. மண்ணுக்குள் விளைந்த மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, அப்பாலை உறையவைத்து, உருட்டி, வறுத்து, வெயிலில் உலர்த்தி ஆக்கப்பட்டவை அவை. 'ஜாவா அரிசி' என்பதே நாளடைவில் ஜவ்வரிசி என மருவிற்று என்பர். அப்பெயருக்குள் ஒரு கடல்வழி இருக்கிறது; ஒரு போர் இருக்கிறது; பல பஞ்சங்கள் இருக்கின்றன.

மன்னர்களின் படையெடுப்புகளையும் முடிசூட்டு விழாக்களையும் விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர்கள், மக்கள் பசித்த காலத்தில் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பதைப் பெரும்பாலும் எழுதாமலேயே விட்டுவிட்டனர். நெல்லுக்கு வரலாறு உண்டு; மிளகுக்கு வரலாறு உண்டு; தேயிலைக்கும் காப்பிக்கும் கூட நூல்கள் உண்டு. ஏழையின் அடுப்பில் வெந்த கிழங்குக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. அதன் கதையின் பல திருப்பங்கள் நம் சென்னை மாநகரின் தென்பகுதியோடு பிணைந்திருக்கின்றன என்பதையும் இன்று பலர் அறியார். அக்கதையைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளியும் மரவள்ளியும்

கிழங்கு தமிழர்க்குப் புதியதன்று. உழவர் உழாமலே பறம்பு மலை தரும் நான்கு விளைபொருள்களைப் புறநானூற்றின் 109-ஆம் பாடலில் கபிலர் எண்ணிக் காட்டுகிறார். மூங்கில் நெல், பலாப்பழம், தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கும் அவற்றுள் ஒன்று. மூவேந்தரும் முற்றுகையிட்டாலும் பாரியின் மலை பசியால் வீழாது என்பதற்குப் புலவர் காட்டும் சான்றுகளுள் ஒரு கிழங்கும் இருப்பது எண்ணத்தக்கது. நெற்களஞ்சியத்தைப் பகைவன் கொள்ளையிடலாம், தீயும் வைக்கலாம். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கைக் கொள்ளையிடுவது எளிதன்று. தோண்டும்வரை அது தோண்டுபவனுக்காகக் காத்திருக்கும். பஞ்ச காலங்களில் கிழங்கு மனிதனுக்கு உற்ற துணையானதன் இரகசியம் இதுவே.

வள்ளி, கவலை, சேனை, சேம்பு, கருணை என நம் நாட்டில் முன்னரே வழங்கிய கிழங்குகளோடு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மூன்று புதியவை பிற்காலத்தில் சேர்ந்துகொண்டன. அவை சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகியவை. சர்க்கரைவள்ளியைத் தென்பாண்டி ஊர்களில் சீனிக்கிழங்கு என்பர். மரவள்ளிக்கோ ஊருக்கு ஒரு பெயர். சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பர். வேறு சிலர் ஏழிலைக்கிழங்கு என்பர். குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்பர். புதிதாக வந்த விருந்தாளிக்குத் தெரிந்த உறவினரின் பெயரைச் சூட்டுவதுபோல், மரம்போல் நிமிர்ந்து வளரும் இச்செடியைக் கண்ட தமிழர், கொடியாகப் படரும் தம் பழைய வள்ளியை நினைந்து மரவள்ளி என்றனர். மலாய் மக்கள் இதே கிழங்கை 'உபி காயு' என்பர். அதன் பொருளும் மரக்கிழங்கு என்பதே. கடலின் இருகரைகளிலும் வாழ்ந்த இரு மக்கள் ஒரே செடிக்கு ஒரே பொருளில் பெயரிட்டிருப்பதை நாகூருக்கும் பினாங்குக்கும் இடையே போய்வந்த நம் முன்னோர் கவனித்தே இருப்பர்.

மலையாளக் கரையில்

மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா. பிரேசிலின் துப்பி மொழி பேசிய பழங்குடியினர் அதன் நச்சுச்சாற்றைப் பிழிந்து அகற்றி உணவாக்கும் கலையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 'டேப்பியோகா' என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து வந்தது. பிழிந்தபின் எஞ்சும் சக்கை என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. சேலத்து ஆலைகளில் அரைத்த கிழங்கின் சக்கைக்குத் 'திப்பி' என்று பெயர். இவ்வொலி ஒற்றுமை தற்செயலானதே, ஆயினும் சுவையானது.

17-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இக்கிழங்கை மலையாளக் கரைக்குக் கொண்டுவந்தனர் என்பர். ஆயினும் அது நெடுங்காலம் வேலியோரச் செடியாகவே கிடந்தது. அதை மக்களின் உணவாக்கிய பெருமை திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் இராமவர்மாவைச் சாரும். 1880 முதல் 1885 வரை ஐந்தே ஆண்டுகள் ஆண்ட அவர் தாவர இயலில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். வெளிநாடுகளிலிருந்து நல்ல வகைகளை வரவழைத்துப் பயிரிடச் செய்தார். இக்கிழங்கு நஞ்சு என அஞ்சிய மக்களின் ஐயம் தீர, அரண்மனையிலேயே அதைச் சமைக்கச்செய்து தாமும் உண்டார் என்றொரு செய்தி இன்றும் வழங்குகிறது.

மக்களின் அச்சம் மூடநம்பிக்கை அன்று. மரவள்ளியில், குறிப்பாகக் கசப்பு வகைகளில், சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் உள்ளது. தோலை நன்கு நீக்கி, துண்டாக்கி, மிகுந்த நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிய பின்னரே உண்ணவேண்டும். பயிரைக் கொண்டுவந்து நட்டால் மட்டும் போதாது. அதை உண்ணும் முறையையும் கூடவே கொண்டுவரவேண்டும். இவ்வுண்மையை அந்த அரசர் உணர்ந்திருந்தார். அவருக்குப் பின்வந்த ஆட்சியாளர் எத்தனை பேர் உணர்ந்தனர் என்பதே கேள்வி.

கதீட்ரல் சாலையும் சைதாப்பேட்டையும்

இனிச் சென்னைக்கு வருவோம். 1835-ஆம் ஆண்டில், இன்று கோபாலபுரத்தை ஒட்டிய கதீட்ரல் சாலைப் பகுதியில், சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் உருவாயிற்று. கம்பெனியின் மருத்துவராக வந்து தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து படங்களுடன் நூல்கள் வெளியிட்ட ராபர்ட் வைட் என்பார் அதை நிறுவினார். அவருக்காகச் செடிகளை வரைந்து தந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். வெளிநாட்டு விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து வளர்ப்பதும் பரப்புவதும் இத்தகைய சங்கங்களின் பணி. அச்சங்கத்தின் பழைய நிலத்தின் ஒரு பகுதியில்தான் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே உலவுவோர் மலர்களைக் காண்கின்றனர். அம்மண்ணின் முந்தைய பணியை அறிவோர் சிலரே.

அடையாற்றின் கரையிலுள்ள சைதாப்பேட்டையில் 1860-களில் அரசினர் ஒரு சோதனைப் பண்ணையை அமைத்தனர். ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் தோன்றிய இத்திட்டத்தை ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்தியர் நெடுங்காலம் நடத்தினார். இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண் பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. ஆழ உழுதல், இரும்புக் கலப்பை, தீவனப் பயிர், எரு ஆகியவற்றில் அப்பண்ணை பெரிதும் கருத்தைச் செலுத்திற்று. சீமையிலிருந்து வந்த கனத்த கலப்பைகளை இழுக்க நம் மெலிந்த மாடுகளால் இயலவில்லை. அவற்றை வாங்க நம் உழவரிடம் பணமும் இல்லை.

பண்ணை இயங்கிய அதே காலத்தில்தான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் உலுக்கிற்று. நெல்லூர், கடப்பை, பல்லாரி முதல் சேலம், கோவை வரை மக்கள் பல இலட்சக்கணக்கில் மாண்டனர். உள்ளூர்களிலிருந்து பசியோடு நடந்துவந்தோர் சென்னை நகரை நிறைத்தனர். கடற்கரையில் வணிகர்களின் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டுக் காவல் வைக்கப்பட்டிருந்தன. 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி, நிவாரணப் பணியில் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்திற்கான கூலி போதும் என வகுத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். ஏட்டில் இவ்வழக்கு நடந்துகொண்டிருக்கையில், நாட்டுப்புறத்தில் மக்கள் காட்டுக் கிழங்குகளையும் வேர்களையும் தோண்டித் தின்றுகொண்டிருந்தனர். உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என்னும் அறிவைப் பண்ணையின் அறிக்கைகளிலிருந்து அவர்கள் பெறவில்லை. தம் பாட்டிமாரிடமிருந்தே பெற்றிருந்தனர்.

பஞ்சத்தின்பின் அமைந்த ஆணையத்தின் பரிந்துரையால் 1882-இல் சென்னை மாகாணத்தில் வேளாண்மைத் துறை தோன்றிற்று. சைதாப்பேட்டைக் கல்லூரி 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. சென்னையை விட்டு அன்று புறப்பட்ட வேளாண் அறிவு, வேறொரு வடிவில் அடையாற்றுக்கு அப்பால் திரும்பி வந்தது. அதற்கு 82 ஆண்டுகள் ஆயின.

ஏரி நகரமானது, கடல் அடைபட்டது

இன்றைய தியாகராய நகரில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் இடம் ஒருகாலத்தில் நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை நீண்டு கிடந்த அந்த நெடிய ஏரியை 1920-களில் தூர்த்தே புதிய நகர் எழுப்பப்பட்டது. அதன் தெருக்களுக்கு அக்காலத் தலைவர்கள், அதிகாரிகளின் பெயர்கள் இடப்பட்டன. 1934-இல் சென்னையின் தற்காலிக ஆளுநராக விளங்கிய சர் முகம்மது உஸ்மானின் பெயரை உஸ்மான் சாலையும், முகம்மது பசுலுல்லாவின் பெயரைப் பசுலுல்லா சாலையும் இன்றும் தாங்கி நிற்கின்றன. நகரம் வளர்ந்தது, ஏரி மறைந்தது. தன் வாசலில் விளைந்ததை உண்ட ஊர், தொலைவிலிருந்து வருவதை உண்ணும் ஊராயிற்று.

அத்தொலைவு எவ்வளவு ஆபத்தானது என்பதை 1942 உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தனர். பர்மா அரிசி நின்றது. சென்னை நகரில் அடுத்த ஆண்டே பங்கீட்டு முறை வந்தது. பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் ஏழைகளைத் தாங்கியது விசாகம் திருநாள் பரப்பிய மரவள்ளியே. விதைத்தவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் ஊன்றிய குச்சி பசியாற்றிற்று.

கடலுக்கு அப்பால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம்மவர் நிலை இன்னும் கொடிது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் அரிசி அருகிப்போயிற்று. வீட்டு முற்றங்களிலும் வெற்றிடங்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு மக்கள் உயிர்காத்தனர். கிழங்கே காலைக்கும், கிழங்கே மாலைக்கும் என்ற அக்காலத்தை வாழ்ந்து கடந்த முதியோர் பலர், போர் முடிந்தபின் வாழ்நாள் முழுவதும் அக்கிழங்கைத் தொட மறுத்தனர். உயிர்காத்த உணவையே வெறுக்கச்செய்யும் ஆற்றல் பஞ்சத்திற்கு உண்டு. மரவள்ளியை இழிந்த உணவாக எண்ணும் மனப்பான்மைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

விடுதலைக்குப் பின்னும் உணவுத் தட்டுப்பாடு தொடர்ந்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் மாற்றாகக் கிழங்குகளை உண்ணுமாறு அரசு மக்களை வேண்டிற்று. 1950-இல் தோன்றிய மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் மரவள்ளி மாவிலிருந்து அரிசிபோன்ற செயற்கை மணிகளை ஆக்க முயன்றது. ஆயினும் மக்கள் மனம் மெய்யரிசியையே நாடியது. 1952-இல் சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பங்கீட்டு அட்டையோடு கிழங்கின் நினைவையும் நகரத்தார் மடித்து வைத்துவிட்டனர்.

சேலத்தில் ஓர் ஆலை

இங்கே கதை ஒரு திருப்பத்தை அடைகிறது. ஜவ்வரிசி முன்னர் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த பண்டம். தொடக்கத்தில் அது சேகோ என்னும் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவால் ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்கா முதலிய இடங்களில் சீனர் அமைத்த தோட்டங்களின் மரவள்ளியும் அவ்விடத்தைப் பிடித்தது. போரினால் கடல்வழி அடைபட்டதும் அதன் வரத்து நின்றது. அப்போது சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் மரவள்ளி மாவுத் தொழிலை அறிந்துவந்த பொபட்லால் என்பாரும் கைகோத்து, 1943-இல் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். கிழங்கைச் சீவி, கழுவி, அரைத்து, துணியில் வடித்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, அடியில் படிந்த ஈரமாவைத் துணித்தூளியில் ஆட்டினால் மாவு உருண்டு மணியாகும். அம்மணிகளைச் சூடான தட்டில் வறுத்து வெயிலில் காயவைப்பர்.

அடுத்த ஆண்டே ஒரு வழக்கு எழுந்தது. பஞ்சம் நிலவிய 1944-இல், மக்கள் உண்ணும் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாகாது எனச் சேலம் ஆட்சியர் தடைவிதித்தார். உற்பத்தியாளர் சங்கமாகத் திரண்டு உணவு வழங்கல் ஆணையரிடம் முறையிட்டனர், தடை நீங்கியது. இந்நிகழ்ச்சியை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. மரவள்ளி உணவா, தொழிலின் மூலப்பொருளா என்னும் கேள்வி தமிழ்நாட்டில் முதன்முறையாக வெளிப்படையாக எழுந்தது அன்றுதான். ஆட்சியரின் தடையில் நியாயம் இருந்தது. பிழைப்புக்கு வழிதேடிய சிறுதொழிலாளரின் முறையீட்டிலும் நியாயம் இருந்தது. வென்றது தொழில். அன்றுமுதல் தமிழ்நாட்டு மரவள்ளி பெரும்பாலும் ஆலையின் பயிராகவே வளர்ந்தது.

அத்தொழிலால் விளைந்த நன்மை சிறிதன்று. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வறண்ட புலங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் வாழ்கின்றன. தரகரின் பிடியிலிருந்து ஆலைக்காரரை விடுவிக்க 1981-இல் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சேலம் ஜவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. வடநாட்டார் தம் விரத நாள்களில் உண்ணும் சாபுதானாவில் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது. ஆனால் கிழங்கின் விலையை ஆலையில் 'பாயிண்ட்' கணக்கில் முடிவுசெய்கின்றனர். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை விழுக்காடு என்பதே அப்பாயிண்ட். பத்துத் திங்கள் பாடுபட்ட உழவன், தன் விளைச்சலின் மதிப்பைத் தன் கண்ணால் அறியமுடியாமல் அளவைக்கு முன் கைகட்டி நிற்கிறான்.

மேம்பாடு என்பது யாது?

கிழங்குப் பயிர்களுக்கென்றே 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. எச் 97, எச் 165, எச் 226 என்னும் கலப்பின மரவள்ளி வகைகளை அது 1971-இல் வெளியிட்டது. பின்னிரண்டும் சேலத்துப் புலங்களில் பரவின. 1977-இல் வெளியிட்ட வகைக்கு 'ஸ்ரீ விசாகம்' எனப் பெயரிட்டுப் பழைய மன்னரின் கடனை அந்நிலையம் தீர்த்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் பொங்கலை ஒட்டிக் குவியும் கிழங்குகளிலும் ஆய்வின் சுவடு உண்டு. பழைய சேனையும் கருணையும் நாவில் அரிக்கும். அதற்காகவே நம் வீட்டுப் பெண்டிர் புளி சேர்த்து வேகவைக்கும் முறையைக் கண்டனர். ஆந்திரத்தின் கொவ்வூரில் தெரிந்தெடுத்த 'கஜேந்திரா' என்னும் சேனை அவ்வரிப்பு அற்றது.

எனினும் விளைச்சலைப் பெருக்குவதோடு பயிர் மேம்பாடு முடிந்துவிடுவதில்லை. மரவள்ளியை விதையால் அன்றிக் கரணையால் நடுகிறோம். தாய்ச்செடியின் குச்சியை வெட்டி ஊன்றுவதால், தாயின் நோயும் சேர்ந்தே ஊன்றப்படுகிறது. வெள்ளை ஈயால் பரவும் தேமல் நோய் இவ்வாறே புலத்திலிருந்து புலத்திற்குச் செல்கிறது. 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் காணப்பட்ட புதிய மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் பகுதிகளையும் பாழ்படுத்திற்று.

இதற்கு மருந்து வந்த வழி அரிய வரலாறு. இதே பூச்சி 1970-களில் தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவிற்குள் புகுந்து, கோடிக்கணக்கானோரின் உணவை அழிக்கத் தொடங்கியது. அதன் தாயகத்திலேயே அதற்குப் பகையும் இருக்கவேண்டும் எனத் தேடிய அறிவியலார், பராகுவே நாட்டில் ஒரு சிறு குளவியைக் கண்டனர். ஹான்ஸ் ஹெரன் என்பார் தலைமையில் 1981-இல் நைஜீரியாவில் அக்குளவி விடப்பட்டது. அதன் சந்ததி கண்டம் முழுதும் பரவிப் பூச்சியை அடக்கிற்று. அதற்காக 1995-இல் அவர் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவியை 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்குக் கொணர்ந்து வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தனர். பிரேசிலில் பிறந்த பயிருக்குப் பராகுவேயில் பிறந்த காவலன், ஆப்பிரிக்கா வழியாகச் சேலம் வந்து சேர்ந்தான். ஆப்பிரிக்க ஏழைக்காகச் செய்த ஆய்வு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ் உழவனுக்கும் பயன்பட்டது. அறிவைப் பொதுவில் வைப்பதன் பயன் இதுவன்றோ!

தரமணியும் கொல்லிமலையும்

சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்குப் பெயர்ந்த கல்லூரியில் பின்னாளில் பயின்ற மாணவருள் ஒருவர் எம். எஸ். சுவாமிநாதன். 1925-இல் கும்பகோணத்தில் பிறந்த அவரை வேளாண்மையின்பால் திருப்பியது 1943-இன் வங்கப் பஞ்சம். கோதுமைப் புரட்சியின் பெயரால் உலகம் அவரை அறியும். ஆனால் இளமையில் அவர் ஆராய்ந்தது ஒரு கிழங்கை என்பதை அறிந்தோர் குறைவு. ஹாலந்தின் வாகனிங்கனிலும், பின் கேம்பிரிட்ஜிலும், அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் உருளைக்கிழங்கின் மரபியலையே அவர் ஆராய்ந்தார். அப்பயிரின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழுவை எதிர்க்கும் பண்பை ஹாலந்தில் தேடினார். அதே புழு 1961-இல் நம் நீலகிரியிலும் கண்டறியப்பட்டது.

1987-இல் முதலாவது உலக உணவுப் பரிசைப் பெற்ற அவர், அத்தொகையை மூலதனமாக்கி 1988-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் அமைந்த அந்நிறுவனம் எடுத்துக்கொண்ட களங்களுள் ஒன்று நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அங்கே அது கண்டது, 1944-இன் பழைய வழக்கு மீண்டும் உயிர்பெற்று நிற்பதை!

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகச் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றைப் பயிரிட்டு உண்டுவந்தனர். மலைச்சாலை வந்தது, சாலைவழியே லாரி வந்தது, லாரி மரவள்ளியை ஏற்றிச் சமவெளி ஆலைகளுக்குக் கொண்டுசென்றது. கையில் பணம் புழங்கிற்று. புலம்புலமாகச் சிறுதானியம் பின்வாங்கிற்று. பறம்பு மலையில் உணவாய் இருந்த வள்ளி, கொல்லிமலையில் மரவள்ளியாய் வந்து உணவை விரட்டியது. மலையார் கிழங்கை விற்று அரிசி வாங்கினர். கிழங்கு பறிக்கச் சரிவுகளைக் கிளறியதால் மேல்மண்ணும் மழையோடு இறங்கிற்று. ஆலை விலை சரிந்த ஆண்டில், விற்கவும் ஆதாயமில்லை. உண்ணவும் வீட்டில் பழைய தானியமில்லை.

இதற்காக மலையாரைக் குறைகூறுவது அறியாமை. சாமையையும் வரகையும் உரலிலிட்டு இடித்து உமி நீக்குவது கொடிய உழைப்பு. அவ்வுழைப்பு முழுதும் பெண்களின் தோளில் விழுந்தது. மரவள்ளி அப்பெண்களை உரலிலிருந்து விடுவித்தது. நகரத்தில் அமர்ந்துகொண்டு பாரம்பரிய உணவின் பெருமையைப் பாடுவோர், உலக்கையின் பாரத்தை அறியாதவர். தரமணி நிறுவனத்தார் இதைச் சரியாகவே புரிந்துகொண்டனர். புத்திமதியோடு நிற்காமல், உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களில் அமைத்தனர்; மகளிர் குழுக்களைத் திரட்டினர்; மறையவிருந்த விதைகளைச் சேர்த்து வைக்கும் விதைக் களஞ்சியங்களை ஏற்படுத்தினர்; சிறுதானியத்தை மாவாக்கி விற்க வழிகாட்டினர். மரவள்ளியை முற்றாக வெளியேற்ற அவர்களால் இயலவில்லை. அது அவர்கள் நோக்கமும் அன்று. இரண்டும் உடன்வாழ இடம் தேடினர். 2023 செப்டம்பர் 28-இல் சுவாமிநாதன் சென்னையில் மறைந்தபோது பலரும் கோதுமையைப் பற்றியே எழுதினர். கொல்லிமலைப் பெண்ணின் உரலைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.

நாம் கற்கவேண்டியது

ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கதையை நோக்குங்கால் ஒன்று தெளிவாகிறது. கிழங்கில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. திருவிதாங்கூரில் அது பசியாற்றிற்று; மலாயாவில் உயிர்காத்தது; சேலத்தில் தொழில் தந்தது; கொல்லிமலையில் ஒரு மக்களின் உணவைப் பறித்தது. வேறுபாடு பயிரில் இல்லை. யாருக்காக, யாரைக் கேட்டு, அது நடப்பட்டது என்பதில் இருந்தது. உண்ணும் முறையையும் சேர்த்துக் கற்பித்த அரசர் வென்றார். உழவனின் மாட்டையும் மடியையும் எண்ணாமல் கலப்பையைக் கொணர்ந்த பண்ணையால் உழவரை அடைய இயலவில்லை. பெண்ணின் உழைப்பைக் கணக்கிலெடுத்த நிறுவனம் ஓரளவேனும் வென்றது.

2016-இல் உலக உணவுப் பரிசு, வைட்டமின் ஏ சத்து மிகுந்த செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளியை ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் சேர்த்தோர் உள்ளிட்ட நால்வருக்குச் சென்றது. சத்துமிகு கிழங்கை ஆக்கியதோடு நில்லாமல், அதைத் தாய்மார் ஏற்கும்படி செய்ததே அவர்களின் சாதனை. ஸ்ரீகாரியத்திலும் அத்தகைய வகைகள் உண்டு. அவை நம் சத்துணவுக் கூடங்களுக்கும் மயிலாப்பூர், மாம்பலம் சந்தைகளுக்கும் வந்து சேரவேண்டும். வேகவைத்த கிழங்கை ஏழையின் உணவென ஒதுக்கிவிட்டு, அதையே எண்ணெயில் பொரித்து வறுவலாகப் பொட்டலத்தில் அடைத்து விற்கும்போது பெருமையாக வாங்கும் நம் போக்கும் மாறவேண்டும்.

இறுதியாக ஒன்று. சென்னையின் கோட்டைகளுக்கும் கோபுரங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வரலாறு எழுதுவோர் பலர் உளர். கதீட்ரல் சாலைத் தோட்டத்திற்கும், சைதாப்பேட்டைப் பண்ணைக்கும், மறைந்துபோன மாம்பலத்து ஏரிக்கும் முழுமையான வரலாறு தமிழில் எழுதப்படவேண்டும். நம் இளைஞர்களுள் ஆய்வில் நாட்டமுடையோர் இப்பணியை மேற்கொள்வார்களாக. ஆவணக் காப்பகத்தில் ஏடுகள் உள்ளன. கொல்லிமலையிலும் ஏத்தாப்பூரிலும் கேட்டால் சொல்லக்கூடிய மனிதர்கள் உள்ளனர். ஏடுகளை முதலில் தேடாமல், மனிதர்களிடம் முதலில் செல்வது நன்று. ஏடுகள் காத்திருக்கும்.